இல்லாத அத்தை

வாங்க நினைக்கும் பொருளை நேராகப் பார்க்கக் கூடாது என்பது சின்ன மேடத்தின் வீட்டில் பால் குடிக்கும் வயதிலேயே பாலோடு சேர்த்துப் புகட்டப்படும் பாடம். அப்பா, பெரியப்பா, மாமாக்கள் எல்லாரும் வியாபாரிகள். மொத்தக் கடைக்குப் போனால் மனசுக்குப் பிடித்த துணியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வேண்டாத துணியை விரித்துப் போட்டு அரைநாள் விலை பேசுவார்கள். கிளம்பும்போது, போகிற போக்கில், "அந்தச் சாயம் போன பீஸை என்ன விலைக்குத் தள்ளுவீங்க?" என்று கேட்பார்கள். சாயம் ஒன்றும் போயிருக்காது. கடைக்காரருக்கும் அது தெரியும். அவரும் அதே பால் குடித்து வளர்ந்தவர். ஆகவே யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண் ஒரு கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் துணைப் பயிற்சியாளரானால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. வயது நாற்பத்தாறு ஆகியும் கல்லூரியில் அவள் சின்ன மேடம்தான். பள்ளிப் போட்டிகள் நடக்கும் இடங்களுக்கெல்லாம் போய், அடுத்த வருஷம் எந்தப் பெண்ணைக் கல்லூரிக்கு இழுக்கலாம் என்று பார்த்து வருவது அவள் வேலை. அங்கே பார்வையாளர் படிக்கட்டில் நாலைந்து கல்லூரிப் பயிற்சியாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மைதானத்தைப் பார்ப்பதாகப் பேர். உண்மையில் ஒவ்வொருவரும் மற்றவர் கண் எங்கே போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சின்ன மேடத்தின் கண்ணை வைத்து இதுவரை யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை. மட்டமான ஆட்டக்காரி பந்தைத் தொட்டால் நிமிர்ந்து உட்காருவாள். அருமையான ஆட்டக்காரி தொட்டால் கொட்டாவி விடுவாள்.

போன வருஷம் ஒரு பெண்ணைப் பார்த்து அவள் தாடை வலிக்கும் அளவுக்குக் கொட்டாவி விட்டாள். உயரமும் ஒல்லியுமாக, கூட ஆடுகிறவர்களே ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் பெண். சுருக்கமாகக் குச்சி. வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்து எந்தப் பக்கம் விழும் என்று பந்துக்கே தெரிவதற்கு முன் அவளுக்குத் தெரிந்தது. மற்றவர்கள் குதித்துக்கொண்டிருந்தபோது அவள் ஏற்கெனவே போய் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். சொல்லிக்கொடுத்து வருகிற சமாச்சாரம் இல்லை இது.

பக்கத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கக் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் அவர் அக்கரை மேடம். கொஞ்சம் காலைச் சாய்த்து நடப்பார், அதிகம் பேசமாட்டார். அன்று அவர் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒளிவு மறைவில்லாமல், பூனை மீனைப் பார்ப்பதுபோல. சின்ன மேடம் அதைக் கவனித்தாள். உடனே பெருமூச்சு விட்டாள்.

"பாவம்" என்றாள்.

"என்ன பாவம்?"

"இந்தப் பொண்ணுதான். இடது முழங்கால். இந்த வயசுலயே தேய்மானமாம். வெளியில தெரியக் கூடாதுன்னு கட்டுகூடப் போடாம ஆடுது. அவங்க அத்தை அழாத குறையா எங்கிட்ட சொன்னாங்க."

முழங்கால் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெறும் பொய் நிற்காது, அதற்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும் என்பது அவள் அனுபவம். அத்தை அந்த நிமிஷத்தில் பிறந்தார், அழாத குறையாகப் பேசினார், மறைந்தார். அக்கரை மேடத்தின் முகம் சுண்டிப் போனது. அதற்குப் பிறகு அவர் குச்சி பக்கம் திரும்பவே இல்லை. குச்சி இந்தக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தாள்.

இதுவரை வியாபாரம் சுத்தம். அதன் பிறகு நடந்தது எந்தப் பேரத்திலும் நடக்காதது. சின்ன மேடத்தின் தலைமைப் பயிற்சியாளர் முதுகு வலி என்று வேலையை விட்டார். அவர் இடத்துக்கு அக்கரை மேடம் வந்து சேர்ந்தார், பெரிய மேடமாக.

வந்த முதல் நாளே அவர் சின்ன மேடத்தைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். அறை என்பது மரியாதைக்கு. உள்விளையாட்டரங்கின் பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில், பழைய பந்தும் கிழிந்த வலையும் போட்டு வைத்திருந்த பொந்து அது. கூரை படிக்கட்டோடு சேர்ந்து சரிந்து இறங்கும். உள்பக்கம் உட்காருகிறவர் எழுந்தால் தலை இடிக்கும். ஒரே ஜன்னல், கோர்ட்டைப் பார்த்தபடி. பெயின்ட் அடித்தவர் சட்டத்தையும் சேர்த்து அடித்துவிட்டதால் அதைத் திறக்க முடியாது. ரப்பர் வாடை ஏறிப்போன அந்த அறையில் உள்பக்க நாற்காலி துணைப் பயிற்சியாளருக்கு.

பழைய ஆட்களை மாற்றிக்கொள்ளலாம் என்று பிரின்சிபால் தமக்கு முழு அதிகாரம் கொடுத்திருப்பதாகப் பெரிய மேடம் சொன்னார்.

"உங்கள மாத்த வேணாம்னு நான்தான் சொன்னேன்" என்றார் பெரிய மேடம். "ஏன்னு தெரியுமா? இந்தத் தொழில்ல எல்லாரும் வாயத் தொறந்தா பொய். நீங்க ஒருத்தர்தான் எதிர் டீம்னுகூடப் பாக்காம எங்கிட்ட உண்மையச் சொன்னீங்க. அந்த முழங்கால் விஷயம். நான் அத மறக்கல."

சின்ன மேடத்துக்குச் சட்டென்று எழுந்திருக்க வேண்டும்போல் இருந்தது. எழுந்தாள். கூரை இடித்தது.

புதிதாக வந்த பெண்கள் எட்டுப் பேர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஐந்து பேரைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஒரு வாரம் ஆட வைத்து, எடை போட்டு, பெரிய மேடம் பிரின்சிபாலிடம் பெயர் கொடுப்பார். ஐவரில் ஒருத்தியாக வந்தால் விடுதியில் இடம், படிப்பு எல்லாம் உண்டு. வராதவளுக்கு ஒன்றும் இல்லை. மற்றக் கல்லூரிகள் கதவைச் சாத்திவிட்ட நேரம். குச்சியின் அம்மா தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர், அப்பா லாரி ஓட்டுகிறவர். ஒதுக்கீடு போனால் விடுதி போகும், விடுதி போனால் கல்லூரி போகும். கூப்பிட்டுக்கொண்டு வந்தவள் சின்ன மேடம். அப்பாவிடம் நேரில் போய், 'உங்க பொண்ணுக்கு நான் பொறுப்பு' என்று காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னவளும் அவள்தான்.

மதிப்பீடு தொடங்கியது. பெரிய மேடம் ஏழு பேரை முழு ஆட்டம் ஆட விட்டார். குச்சியை மட்டும் ஓரமாக நின்று பாஸ் போடச் சொன்னார், குதிக்க வேண்டாம் என்றார். குதிக்காத குச்சி என்றால் நீந்தாத மீன். மூன்று நாளாக அந்தப் பெண் கோர்ட் ஓரத்தில் நின்று சுவரோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

சின்ன மேடம் பக்கவாட்டு வழிகளைத் தேடினாள். சின்ன வயசில் தேய்மானம் வந்தால் சில சமயம் தானாகவே சரியாகிவிடுமாமே என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பெரிய மேடம் தலையசைத்தார், அதெல்லாம் நம் மனசுக்கு நாமே சொல்லிக்கொள்வது என்றார். ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமே என்றாள். எடுத்தார்கள். காலில் ஒரு குறையும் இல்லை, இந்த முழங்காலை வைத்து மலை ஏறலாம் என்றார் டாக்டர். சின்ன மேடத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெரிய மேடம் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"எனக்கும் இப்படித்தான் சுத்தமா வந்துச்சு" என்றார். "எங்க கோச் படத்தக் காட்டி ஆட விட்டாரு. அடுத்த மாசம் கோர்ட்ல விழுந்தேன். அதுக்கப்புறம் பந்தைக் கையால தொட்டிருக்கேன், ஓடித் தொட்டதில்ல. ஒரு பொண்ணோட கால ஒடச்சு நான் கப் வாங்க மாட்டேன். மெஷினுக்கு என்ன தெரியும்? வீட்டு மனுஷங்களுக்குத்தான் தெரியும். அந்த அத்தைய வரச் சொல்லுங்க. பேசிப் பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்."

அயோக்கியரிடம் மாட்டிக்கொண்டிருந்தால் தப்பிக்க ஆயிரம் வழி தெரியும் சின்ன மேடத்துக்கு. மாட்டிக்கொண்டதோ நல்லவரிடம்.

அத்தை ஊரில் இல்லை என்று சொல்லி ஒரு நாளை ஓட்டினாள். பெரிய மேடம் விடுகிற ஆள் இல்லை, அந்தப் பெண்ணிடமே நம்பர் வாங்கிக்கொள்கிறேன் என்று குச்சியைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் குச்சி சின்ன மேடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், எனக்கு ஏது அத்தை? எங்கப்பாகூடப் பொறந்தவங்க ரெண்டு பேருமே ஆம்பளைங்க. எங்கம்மாகூடப் பொறந்தவங்க யாருமே இல்ல. எனக்கு அத்தைன்னு கூப்பிட ஆளே கெடையாது. அதச் சொன்னா பெரிய மேடம் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க."

சித்தி என்று சொல்லியிருந்தால் இரண்டு சித்தப்பாக்கள் புண்ணியத்தில் நிஜமாகவே ஒரு சித்தியாவது கிடைத்திருப்பார். அவரைக் கையில் காலில் விழுந்து கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். எத்தனையோ உறவு இருக்க, அந்தக் குடும்பத்தில் எந்தக் கிளையிலும் காய்க்காத ஒரே உறவைப் பார்த்துப் பறித்திருந்தாள் அவள்.

"எனக்குக் கால்ல ஒண்ணுமில்ல மேடம்" என்றாள் குச்சி. அழவில்லை. அழுதால் பரவாயில்லை என்று இருந்தது சின்ன மேடத்துக்கு. "நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அவங்க கேப்பாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

பொந்துக்குத் திரும்பியபோது பெரிய மேடம் வருத்தமாக உட்கார்ந்திருந்தார். பெண் காலை மறைக்கிறாள் என்பதுகூடப் போகட்டும், பெற்ற தாய்க்குச் சமமான அத்தையையே இல்லை என்கிறாளே என்றார். கால் போன பெண்ணுக்கு இப்போது நாணயமும் போயிருந்தது. டாக்டர் உண்மை சொன்னார், பெண் உண்மை சொன்னாள். ஒவ்வொரு உண்மையும் வந்து குச்சியின் தலையில்தான் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனது.

சின்ன மேடம் அண்ணனின் டைல்ஸ் கடைக்குப் போனாள். அண்ணன் ஒரு வாடிக்கையாளரிடம் குளியலறைத் தரைக்கு வழுக்காத டைல்ஸ் விற்றுக்கொண்டிருந்தான். விற்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, கதையைக் கேட்டான். அத்தை வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவன் ஸ்கேன் வந்தபோது டைல்ஸ் அடுக்கைப் பிடித்துக்கொண்டான்.

"பாப்பா, நம்ம தொழில்ல எப்ப ஆபத்து தெரியுமா?" என்றான் கண்ணைத் துடைத்தபடி. "எதிர்ல நிக்கறவனுக்குப் பேரமே பேசத் தெரியலன்னா. நாம சொன்னத அப்படியே நம்பிடுவான். அதுக்கப்புறம் அவனுக்கும் நஷ்டம், நமக்கும் தூக்கம் கெடும்."

"இப்ப என்ன பண்றது, அதச் சொல்லு."

"சரக்கு நல்ல சரக்குன்னு சொல்லிடு. பொய் சொன்னேன்னு ஒத்துக்கோ."

"என்னை வேலையில வச்சிருக்கறதே நான் பொய் சொல்லாதவள்னுதான்."

அண்ணன் டைல்ஸ் அடுக்கை நேராக்கினான். பிறகு, பக்கத்துக் கடையில் கணக்குப் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்றான். அதுதான் அவன் பதில்.

பெயர் கொடுக்க வேண்டிய மத்தியானம் வந்தது. பொந்துக்குள் மின்விசிறி சூடான காற்றை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்திக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்காது, வாய் அசைவது மட்டும் தெரியும். கோர்ட் ஓரத்தில் குச்சி சுவரோடு நின்றாள். பெரிய மேடம் ஐந்து பேரை முடிவு பண்ணியிருந்தார். குச்சி அதில் இல்லை. அந்தப் பெண்ணை உட்கார வைத்துத் தாமே பேசுவதாகவும், வீட்டுக்குத் தாமே கொண்டுபோய் விடுவதாகவும் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

உள்பக்க நாற்காலியில் சின்ன மேடம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே போவதானால் பெரிய மேடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"மேடம்" என்றாள். "அத்தைன்னு யாரும் இல்ல. முழங்காலும் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணு எனக்கு வேணும்னு நான்தான் உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

சொல்லிவிட்டாள். பெரிய மேடம் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார்.

"உங்க மனசு எனக்குத் தெரியும்" என்றார். "அதுக்காக ஒரு பொண்ணக் காப்பாத்த உங்க பேரையே கெடுத்துக்குவீங்களா? நான் இத கேக்காத மாதிரி இருந்துக்கறேன்."

வாழ்நாளில் இவ்வளவு சிரமப்பட்டு அவள் ஒரு உண்மையையும் சொன்னதில்லை. அதுவும் செல்லவில்லை. தன் நல்ல பெயரின் சுவர் எவ்வளவு கெட்டியானது என்று உள்ளே நின்று தட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பெரிய மேடம் பெயர்ச் சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

"அஞ்சு நிமிஷம் உக்காருங்க மேடம்" என்றாள் சின்ன மேடம். "ஒரு போன் பண்றேன். நீங்க மூச்சு விடக் கூடாது."

போனை மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, தாடி கோச்சைக் கூப்பிட்டாள். அவர் இன்னொரு கல்லூரிக்காரர், படிக்கட்டு வரிசையில் மூத்த பொய்யர். சௌக்கியம் விசாரித்தார், மழை வருமா என்று கேட்டார். சின்ன மேடம் பெருமூச்சு விட்டாள்.

"சார், அடுத்த வருஷத்துக்கு ஒரு இடது கைப் பொண்ணப் பாத்தோமே."

"ஆமா, பாத்தோம்."

"பாவம் சார். மூச்சுத் திணறலாம். ரெண்டு ரவுண்டு ஓடினாலே முடியலயாம். அவங்க அத்தை அழாத குறையா எங்கிட்ட சொன்னாங்க."

போனிலிருந்து சிரிப்பு வந்தது, அணைக்கட்டைத் திறந்துவிட்டதுபோல.

"அம்மா தாயே, அந்த அத்தை இன்னும் இருக்காங்களா? எனக்கு ஒரு தடவ தோள்பட்டைன்னு அழுதாங்க. போன வருஷம் எங்க காதுபட முழங்காலுக்கு அழுதாங்க. ஆமா, அத நெசம்னு நம்பி ஒட்டடைக்குச்சிய விட்டாங்களே, அவங்கதான இப்ப உங்க பெரிய மேடம்? இன்னிக்கும் நாங்க எல்லாரும் டீ குடிக்கறப்ப அதத்தான் சொல்லிச் சிரிக்கறோம். சரி சரி, இடது கைப் பொண்ணு அப்ப உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. நாளைக்கே போய்ப் பேசிடறேன். சந்தோஷம்."

போன் அணைந்தது. இடது கைப் பெண் கை நழுவிப் போனாள். பெரிய மேடம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார், அதிலிருந்து இன்னும் யாராவது பேசுவார்கள் என்பதுபோல.

"எல்லாரும்னா?" என்று கேட்டார் கடைசியில்.

"ஒரு ஏழெட்டுப் பேர் மேடம்."

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

"உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

திட்டுவார் என்று காத்திருந்தாள். வேலை போயிற்று என்று சொன்னால் ஒரு வகையில் நிம்மதியாக இருக்கும், டைல்ஸ் கடைக்குப் பக்கத்துக் கடையாவது இருக்கிறது. பெரிய மேடம் எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது விசிலை எடுப்பதும், சுவரோரம் நின்ற பெண்ணைக் கோர்ட் நடுவுக்குக் கை காட்டுவதும் தெரிந்தது. சின்ன மேடமும் பின்னாலேயே ஓடினாள்.

குச்சி நான்கு நாள் பட்டினி கிடந்தவள்போல ஆடினாள். பந்து விழும் இடமெல்லாம் அவள்தான். மூன்றாவது தடவை குதித்தபோது கனத்த பெண் ஒருத்தி பக்கவாட்டில் மோத, குச்சி காற்றிலேயே முறுக்கிக்கொண்டு இடது முழங்கால் தரையில் அறைய விழுந்தாள். அந்தச் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது.

சின்ன மேடத்தின் கை தானாக வாய்க்குப் போனது. சொன்ன பொய் ஒரு வருஷமாகக் காத்திருந்து இப்போது வந்து பலித்துவிட்டதோ என்று நினைத்தாள்.

குச்சி புரண்டு எழுந்தாள். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். பந்தை வாங்கி, வளையத்தைப் பார்த்து, போட்டாள். பந்து உள்ளே போனதைச் சின்ன மேடம் பார்க்கவில்லை, கண்ணில் நீர் நிறைந்திருந்தது. துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் தெரிந்தது, பெரிய மேடமும் பந்தைப் பார்க்கவில்லை. இவ்வளவு நேரமும் அவர் சின்ன மேடத்தின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, இந்தப் பொண்ணு இருக்கட்டும்" என்றார். ஐவரில் கடைசிப் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார். அடிபட்ட பெயருக்குரிய பெண்ணும் கோர்ட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தாள், ஒன்றும் தெரியாமல். தோளில் கை வைத்துச் சொல்லவேண்டிய செய்தி இப்போது அவளுக்குப் போகும். அந்தப் பெண்ணும் மட்டமில்லை என்று சொல்லச் சின்ன மேடம் வாயைத் திறந்தாள்.

"வேணாம்" என்றார் பெரிய மேடம். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "உங்கள அனுப்பப் போறதில்ல. அனுப்பினா இன்னொரு காலேஜ்ல போய் உக்காந்து எனக்கு அத்தை கதை சொல்வீங்க. ஆனா இனிமே எந்தப் பொண்ணப் பத்தியும் நீங்க எங்கிட்ட வாயால ஒண்ணும் சொல்லக் கூடாது. நான் கேட்டா, பக்கத்துல வந்து நில்லுங்க. போதும். இன்னிக்குத்தான் உங்க மொகத்தப் படிக்கக் கத்துக்கிட்டேன்."

விசில் ஊதினார். எட்டுப் பெண்களும் மூச்சு வாங்கக் கூடி நின்றார்கள். குச்சி நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தபடி சின்ன மேடத்தைப் பார்த்துச் சிரித்தாள், மேடம் சொல்லித்தான் காரியம் நடந்தது என்ற நம்பிக்கையோடு. சின்ன மேடத்துக்குப் பழக்கதோஷத்தில் கொட்டாவி வரப் பார்த்தது. அதை அடக்கினாள்.

"இங்க வாங்க" என்றார் பெரிய மேடம், கனத்த பெண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு. "வெளிச்சத்துக்கு வந்து நில்லுங்க. மொகம் தெரியணும்."

சின்ன மேடம் போய் வெளிச்சத்தில் நின்றாள்.